தாழ்ப்பாள் பெயர்ந்த காரணம்

சுத்தியக்காவை வீட்டுத் தரகர்கள் யாருக்கும் பிடிக்காது. அவள் கால் வைத்த வீடு விலைபோகாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். விலைபோகும், சொன்ன விலைக்குப் போகாது, அவ்வளவுதான். அந்த வயிற்றெரிச்சல் அவர்களுக்கு. இடுப்பில் ஒரு தோல் உறை, அதில் ஒரு சின்னச் சுத்தியல், தோளில் ஒரு பை, அதற்குள் டார்ச்சும் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் ஈரம் பார்க்கிற மீட்டரும். வீடு வாங்கப் போகிறவர்கள் கூப்பிட்டால் வருவாள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வாசற்படி வரை தட்டித் தடவிப் பார்த்து, எது நிற்கும், எது விழும் என்று சொல்லிவிட்டுப் போவாள். சிவில் இன்ஜினியரிங் படித்தவள். வயசு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கோபம் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

அவள் கணவர் பேங்குக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறவர். ஒரே உறையில் இரண்டு கத்தி. கடன் கொடுப்பதற்கு முன் பேங்க்காரன் அவரை அனுப்புவான். அவர் போய் இடம் எவ்வளவு, தெரு என்ன அகலம், பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கடன் வாங்கினவன் கட்டாமல் ஓடிவிட்டால் இதை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. அந்த வீட்டில் தூங்கப் போகிறவர்கள் உயிரோடு எழுந்திருப்பார்களா என்பது இவள் கேள்வி. ஜனங்களுக்கு இந்த வித்தியாசம் மண்டையில் ஏறுவதில்லை. பேங்க்காரனே பார்த்தாச்சு, இனி என்ன என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு, முதல் மழையில் வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடுவார்கள்.

அவளும் ஒரு காலத்தில் கட்டடக் கம்பெனியில் சம்பளம் வாங்கினவள்தான். மேல்தளம் போட்டு ஈரம்கூடக் காயாத நேரத்தில் அடியில் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கச் சொன்னார் அங்கே அதிகாரியாக இருந்த பெரியவர். பிரிக்கக் கூடாது என்று இவள் கத்தினாள். பிரித்தார்கள். தளம் அப்படியே உட்கார்ந்தது. கீழே மணல் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வெளியே எடுத்தபோது இடுப்புக்குக் கீழே எடுக்க எதுவும் இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் காரணம் மழை என்று எழுதினார்கள். அன்றைக்கு மழையே இல்லை. பெரியவர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு டீ குடித்தார். சுத்தியக்கா ரசமட்டத்தால் அவர் வாயில் ஒன்று விட்டாள். அலுமினியப் பட்டை வளைந்தது, முன்பல் போனது, வேலையும் போனது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. வருத்தமா என்று கேட்டால், கடைவாய்ப் பல்லை விட்டுவிட்டேனே என்று வருத்தம் என்பாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. போனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி, பதிவைப் போட்டுவிட்டு, வாங்குகிறவரும் விற்கிறவரும் பக்கத்தில் நிற்க, உரக்கச் சொல்லிக்கொண்டே போவாள். எந்த இடம், என்ன குறை, என்ன காரணம். மூன்றையும் சொல்லாமல் அடுத்த அடி வைக்க மாட்டாள். இடமும் குறையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காரணத்தை மறைக்கிறவன்தான் கொலைகாரன் என்பது அவள் கட்சி.

அவளை ஒரு மேனேஜர் கூப்பிட்டார். எந்தக் கம்பெனிக்கு, என்ன மேனேஜர் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். மடிப்புக் கலையாத சட்டை, மெல்லப் பேசுகிற வாய், எதிலும் நாலு காசு குறைத்து வாங்குகிற சாமர்த்தியம். ஆறு வருஷமாகக் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். மாடியில் வீட்டுக்குச் சொந்தக்காரர், மனைவியை இழந்த வயசாளி. அவர் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார், முழு வீட்டையும் இவருக்கே விற்கிறார். பேங்கிலிருந்து வேறொரு மதிப்பீட்டாளர் வந்து, கேட்ட விலை சரிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜருக்கு அதுதான் உறுத்தல். விலையைக் குறைக்க ஏதாவது வேண்டும்.

“ஒரு ஆணி ஓட்டையைக்கூட விடாதீங்க மேடம். எல்லாக் குறையும் சொல்லுங்க, காரணத்தோட சொல்லுங்க. அவர் காதுல விழணும்” என்றார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தார்கள். மொட்டைமாடியில் தண்ணீர் ஓடாமல் தேங்குகிற இடம், காரணம் சரிவு இல்லாதது. கைப்பிடிச் சுவரில் விரிசல், காரணம் உள்ளே கம்பி துருப்பிடித்தது. மாடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். விரிசலா, அது போன வருஷம் பக்கத்து வீட்டில் போர்வெல் போட்டபோது வந்தது என்றார். சுவரில் பூத்த உப்பைக் காட்டினால், உப்பில்லாத சுவர் எந்த ஊரில் இருக்கிறது என்றார். மேனேஜர் ஒவ்வொரு குறைக்கும் பரிசு விழுந்தவர் மாதிரி சிரித்தார். சுத்தியக்காவுக்கு இரண்டு பேரையும் பிடித்திருந்தது. பேரம் பேசுகிறவர்களை அவளுக்குப் பொதுவாகவே பிடிக்கும்.

கீழே வந்தார்கள். அங்கே மேனேஜரின் மனைவி இருந்தாள், முப்பதைத் தாண்டியவள், ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. கடன் இரண்டு பேர் பெயரிலும். திங்கட்கிழமை அவளும் கையெழுத்துப் போட வேண்டும், அவள் சம்பளம் இல்லாமல் கடன் கிடைக்காது என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அவள் வாங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள். இவர்கள் எந்த அறைக்குள் போனாலும் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள். சுத்தியக்கா அதைப் பார்த்தாள். பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

ஹாலில் காலண்டரைக் கழற்றச் சொன்னாள். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தது. சுத்தியலால் தட்டினாள். சுற்றிலும் கெட்டிச் சத்தம், அங்கே மட்டும் பொத்தென்றது.

“ஓதம் மேடம், ஈரம் ஏறியிருக்கு. நல்லாச் சொல்லுங்க” என்றார் மேனேஜர்.

மீட்டரை வைத்தாள். சுவர் காய்ந்து கிடந்தது. ஓதம் இல்லை, ஏதோ பலமாக இடித்திருக்கிறது என்று போனுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு எதேச்சையாகத் திரும்பியபோது, எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த பெண்ணின் தலை சரியாக அந்த உயரத்தில் இருந்தது.

படுக்கையறைக் கதவு அடுத்தது. நல்ல தேக்கு. ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடம் மாறி மாறி வந்திருந்தது. மேலே ஒரு தடம், அதற்குக் கீழே ஒன்று, இன்னும் கீழே இப்போது இருக்கிறது. பழைய ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, பாலிஷ் போட்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. கதவு நிலையில் பழைய தாழ்ப்பாள்கள் போய் விழுந்த துளை ஒவ்வொன்றும் உள்பக்கமாகப் பிளந்திருந்தது. வெளிப்பக்கம் முட்டி உயரத்தில் ஒரு பலகைத் துண்டு ஒட்டியிருந்தது, அதன் ஓரத்தில் செருப்பின் அழுக்கு.

கரையான் என்றார் மேனேஜர். மாடிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. தேக்கில் கரையானா, நான் சாவி கொடுத்தபோது இந்தக் கதவு கண்ணாடி மாதிரி இருந்தது, உடைத்தது யாரோ அவரே செலவை ஏற்கட்டும் என்றார். மேனேஜர் விடவில்லை. மரமே மட்டம், தாழ்ப்பாளைத் தாங்கவில்லை, இது வீட்டின் குறை என்றார். இரண்டு பேரும் சுத்தியக்காவைப் பார்த்து, காரணத்தை நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

அவளுக்குக் காரணம் தெரியும். உள்ளே தாழிட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருக்கிறாள். வெளியே ஒருவன் உதைத்திருக்கிறான். தாழ்ப்பாள் பெயர்ந்ததும் அவள் புது இடத்தில் வேறொன்று போட்டிருக்கிறாள். அதையும் உதைத்திருக்கிறான். இப்போது சொன்னால் இவர்கள் போனதும் அந்தப் பெண் அடி வாங்குவாள். தெரியவில்லை என்று சொன்னால் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு, கடன் முடிகிற வரைக்கும், அவள் சம்பளத்தில் அவளுக்கே ஒரு சிறைக் கொட்டடி வாங்கிக்கொள்வாள். சுத்தியக்கா வாழ்நாளில் முதல் தடவையாகக் காரணம் சொல்லாமல் அடுத்த அடி வைத்தாள். அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

குளியலறையில் வால்வுகளைப் பார்க்க வேண்டும், எது எதற்கென்று வீட்டில் புழங்குகிற பெண்ணுக்குத்தான் தெரியும் என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். பொய்தான். வால்வுகள் அவள் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தன. கதவைச் சாத்தி, இரண்டு குழாய்களையும் முழுசாகத் திறந்துவிட்டாள். குளியலறைக் கதவில் இருந்தது தாழ்ப்பாள் அல்ல. கிடங்குக் கதவுக்குப் போடுகிற இரும்புப் பட்டை, சுவருக்குள் போல்ட் இறக்கி முடுக்கியது.

“யாரும்மா போட்டது இது?”

“நான்தான். லேப்ல ஏசி மாட்ட வந்தவங்ககிட்ட ட்ரில் வாங்கிட்டு வந்தேன்.”

“நல்லாப் போட்டிருக்க.”

“இது மட்டும் இன்னும் உடையலக்கா.”

தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது. சுத்தியக்கா பதிவை நிறுத்தினாள். படுக்கையறைக் கதவுக்குக் காரணம் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

“சொன்னா கொன்னுடுவான்” என்றாள் அந்தப் பெண். தண்ணீர் சத்தத்தில் அவள் குரல் கேட்க, முகத்துக்குக் கிட்டே குனிய வேண்டியிருந்தது. “சொல்லலைன்னாலும் கொன்னுடுவான். கொஞ்சம் லேட்டாகும். சொல்லிடுங்க.”

மரியாதை எல்லாம் இதுவரைக்கும்தான். இனி மேனேஜரை அவன் என்றுதான் சொல்லப் போகிறேன்.

வெளியே வந்ததும் சுத்தியக்கா பதிவை மறுபடி போட்டாள். படுக்கையறை வாசலுக்குப் போனாள். அவன் உள்ளே நின்று கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். மாடிக்காரர் ஹாலில், செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில். அவள் வலது கை விரல்களை நிலையில் பிளந்திருந்த துளைமேல் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

“படுக்கையறைக் கதவு. தாழ்ப்பாள் ரெண்டு தடவை பெயர்ந்திருக்கு. கரையான் இல்லை, மரம் மட்டமும் இல்லை. உள்ளே ஆள் தாழ் போட்டிருக்கும்போது வெளியிலேர்ந்து காலால உதைச்சு உடைச்சது. காரணம் இந்த வீட்டு ஆம்பளை.”

அவன் சிரித்தான். பேரம் பேசும்போது சிரித்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே கதவை ஓங்கி அறைந்தான்.

விரல்கள் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டின. எலும்பு ஒடிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தக்கூட மூச்சு வரவில்லை. அவன் திறந்தான், திரும்பவும் அறைந்தான், பிறகு தன் முழுப் பாரத்தையும் கதவில் சாய்த்து அழுத்தினான். நிலையில் ரத்தம் இறங்கியது. அழுத்திக்கொண்டே மெல்லிய குரலில் கேட்டான். எல்லாக் குறையும் பார்த்தாச்சா மேடம், ஏதாவது பாக்கி இருக்கா என்று கேட்டான்.

அந்தப் பெண் ஓடிவந்து கதவைத் தள்ளினாள். அதைத்தான் எதிர்பார்த்தான் போல. கதவை விட்டுவிட்டு அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்தான். சுத்தியக்காவை மார்பில் உதைத்து ஹாலில் தள்ளினான். கழுத்துக் கயிறு அறுந்து போன் தரையில் சறுக்கிக்கொண்டு போனது. மனைவியை இழுத்துவந்து, காலண்டர் மாட்டியிருந்த சுவரில் அவள் முகத்தை மோதினான். பட்டி உதிர்ந்தது. என்ன சொல்லிக் கொடுத்தே உள்ளே, என்ன சொல்லிக் கொடுத்தே என்று ஒவ்வொரு மோதலுக்கும் கேட்டான். அவள் அழவில்லை. எந்தப் பக்கம் கன்னத்தைத் திருப்பினால் பல் போகாது என்று தெரிந்தவள் மாதிரி தலையைத் திருப்பிக் கொடுத்தாள். அதைப் பார்த்தபோதுதான் சுத்தியக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

வலது கையில் விரல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இடது கையால் உறையிலிருந்து சுத்தியலை உருவினாள். எழுந்திருக்க நேரமில்லை. முட்டி போட்டபடியே நகர்ந்துபோய் அவன் வலது முழங்காலைப் பக்கவாட்டில் அடித்தாள். ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அவன் விழுந்தான். விழுந்தவனின் கையில் ஒரு பிடி முடி வேரோடு வந்தது. அவன் அலறினான், ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத குரல். பொய் சொல்லக் கூடாது, சுத்தியக்காவுக்கு அந்தக் குரல் இனித்தது. இன்னொரு அடி விட்டாள், அதே முழங்காலில். கைக்கு ஒன்று விட்டாள், கதவைப் பிடித்திருந்த கைக்கு.

பிறகு அவன் மார்பில் முட்டியை ஊன்றி உட்கார்ந்து, நெற்றிக்கு நேராகச் சுத்தியலை ஓங்கினாள். தட்டிப் பார்க்க அல்ல. ஒரே அடி, எங்கே அடித்தால் போகும் என்று அவளுக்குத் தெரியும். மழை என்று எழுதிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

“ஹால். கிழக்குச் சுவர்.”

பின்னாலிருந்து குரல் வந்தது. சுத்தியக்கா திரும்பினாள். அந்தப் பெண் போனை எடுத்து வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு நின்றாள். உதடு கிழிந்து மோவாயெல்லாம் ரத்தம். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“காலண்டருக்குப் பின்னாடி. பள்ளம். காரணம் என் தலை” என்றாள். “இன்னைக்கும் அதே இடம்.”

அவன் கீழே கிடந்தபடி அவளைத் திட்டினான், கொன்றுவிடுவேன் என்றான். அவள் அவனைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.

“சமையலறை. மேடை முனையில கல்லு தெறிச்சிருக்கு. காரணம் என் பல்லு. குழம்புல உப்பு அதிகம்னு.” அடுப்புப் பக்கம் நகர்ந்தாள். “பக்கத்துல சுவர்ல கருப்பா இருக்கு. எண்ணெய் தெறிச்ச கறை. அவன் என் கையை வாணலியில வெச்சான்.”

அப்படியே அறை அறையாகப் போனாள். ஜன்னல் கம்பியில் எதனால் வளைவு வந்தது, பீரோ கண்ணாடி எப்போது மாறியது, கட்டில் காலுக்கு ஏன் வெல்டிங் வைத்தார்கள். இடம் சொன்னாள், குறை சொன்னாள், காரணம் சொன்னாள். எங்கேயும் நிற்கவில்லை. ஓங்கிய சுத்தியல் இறங்க இடமில்லாமல் சுத்தியக்காவின் கையிலேயே கனத்தது. இவனைக் கொன்றால் இந்தப் பதிவைக் கேட்கிற எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள், இவள் சொன்னதை விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. கையை இறக்கினாள். எழுந்தால் அடுத்த முட்டியும் போகும் என்று அவனிடம் சொல்லிவிட்டு, மார்பிலிருந்து நகராமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அழ ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வந்தால் தெரிவதில்லை மேடம் என்றான். எனக்கும் அப்படித்தான் என்றாள்.

மாடிக்காரர் அலமாரிக்குப் பக்கத்தை விட்டு இன்னும் நகரவில்லை. இவ்வளவு நேரமும் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், அந்தப் பெண் ஹாலுக்குத் திரும்பி வந்ததும் தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. போலீஸுக்கு நானே சொல்கிறேன் என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நீ திங்கட்கிழமை கையெழுத்துப் போடாதே என்றார். வேண்டுமானால் நீ மட்டும் தனியாக வாங்கிக்கொள், உன் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கிறதோ அவ்வளவு போதும், எனக்கு நீ மகள் மாதிரி என்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு மேலே, தளத்தைப் பார்த்தாள். போனை மறுபடி வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

“மாடி. ஆள் இருக்கு. ஆறு வருஷமா நான் கத்தினது எதுவும் கேக்கலை” என்றாள். போனை அவர் பக்கம் நீட்டினாள். “காரணம் நீங்க சொல்லுங்க சார்.”

அவர் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். பொய் சொல்ல எத்தனையோ இருந்தன, காது மந்தம் என்று சொல்லியிருக்கலாம். சுத்தியக்கா அதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

“வாடகை ஒழுங்கா வந்துச்சும்மா” என்றார்.

அவள் தலையாட்டினாள், பதிவை நிறுத்தினாள்.